போருக்குப் பின்னான நீதியும் பெண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் அமைப்புகளில் வேலை செய்பவர்கள், சட்டம் படிப்பவர்கள், ஆணைக்குழுக்களுக்கு முறைப்பாடு கொடுக்கப் போகும் குடும்பங்களுக்குத் துணையாக நிற்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். நடைமுறையில் அதிகம் பிழைத்துப்போகும் இடங்களில் விரிவாக எழுதியிருக்கிறோம். மற்றவற்றைச் சுருக்கமாக விட்டிருக்கிறோம்.

நிலைமாறுகால நீதி என்றால் என்ன? அதில் பெண்ணிய நோக்கு எங்கே வருகிறது?

போரோ கொடுங்கோல் ஆட்சியோ முடிந்த பிறகு, நடந்த கொடுமைகளுக்கு ஒரு சமூகம் கணக்குக் கேட்கும் வழிகளை மொத்தமாக நிலைமாறுகால நீதி என்கிறோம். குற்றவாளிகளை விசாரிப்பது, உண்மையை வெளிக்கொணர்வது, இழப்பீடு கொடுப்பது, மீண்டும் நிகழாதபடி சட்டங்களையும் படைகளையும் சீர்திருத்துவது என்று அதை நான்காகப் பிரிப்பது வழக்கம்.

பெண்ணிய நோக்கு இவற்றோடு ஐந்தாவதாக ஒரு ‘பெண்கள் பிரிவை’ ஒட்டவைப்பதற்காக வந்ததில்லை. இந்த நான்கிலும் எது தீங்கு என்று எண்ணப்படுகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், முறைப்பாடு செய்ய யாரால் வந்துசேர முடிகிறது என்று அது கேட்கிறது. எங்கள் அனுபவத்தில், பெண்களுக்கு நீதி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் சின்னச் சின்ன நடைமுறைகளில்தான் தீர்மானமாகிறது: படிவத்தில் என்ன கட்டம் இருக்கிறது, என்ன ஆதாரம் கேட்கிறார்கள், கடைசித் தேதி எது, பணம் யாருடைய கணக்கில் போடப்படுகிறது. கீழே உள்ள பதில்கள் அதனால்தான் இவற்றையே சுற்றிவருகின்றன.

போரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தானே? பெண்களைப் பற்றித் தனியாக ஏன் பேச வேண்டும்?

பல போர்களில் நேரடியாகக் கொல்லப்பட்டவர்களில் ஆண்களே அதிகம் என்பது சரி. ஆனால் கொலை, சித்திரவதை, கடத்தல் ஆகியவற்றை மட்டும் எண்ணினால், உயிரோடு மிஞ்சியவர்கள் சுமக்கும் தீங்கு கணக்கில் வராமல் போகிறது. அப்படி மிஞ்சியவர்களில் பெண்களே அதிகம்.

தென்னாபிரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 1996 ஏப்ரலில் அமர்வுகளைத் தொடங்கியது. அங்கு வந்த 21,000க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களில் பாதிக்கும் மேல் பெண்களுடையவை. வந்த பெண்கள் மகனைப் பற்றிப் பேசினார்கள், கணவனைப் பற்றிப் பேசினார்கள். தங்களுக்கு நடந்ததைச் சொன்னவர்கள் குறைவு. பெண்ணிய ஆய்வாளர்களும் அமைப்புகளும் இதை ஆணைக்குழுவிடம் எழுத்தில் முன்வைத்த பிறகு கேப் டவுன், டர்பன், ஜொகனஸ்பர்க் ஆகிய நகரங்களில் பெண்களுக்கென்று சிறப்பு அமர்வுகள் நடந்தன. வாக்குமூலப் படிவத்திலும் ஒரு குறிப்பு சேர்ந்தது: பெண்கள் பலர் உறவினருக்கு நேர்ந்ததைச் சொல்கிறார்கள், உங்களுக்கே நேர்ந்ததையும் சொல்ல மறக்க வேண்டாம் என்பது அதன் சாரம். ஒரு படிவத்தில் சேர்ந்த இரண்டு வரிதான். ஆனாலும் பெண்ணிய நோக்கு நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது இதைத்தான்.

அப்படியானால் பெண்ணிய நீதி என்பது பாலியல் வன்முறை விசாரணைதானா?

பாலியல் வன்முறை அதன் ஒரு பகுதி. அதையே முழுமையாக்கினால் இன்னொரு அநியாயம் நடக்கிறது: வல்லுறவுக்கு ஆளானவர் மட்டுமே ‘பாதிக்கப்பட்ட பெண்’ ஆகிறார், காணி இழந்தவர், இடம்பெயர்ந்தவர், மகனைத் தேடுகிறவர் எல்லாம் பின்வரிசைக்குப் போகிறார்கள்.

குவாத்தமாலாவின் செப்பூர் சார்க்கோ என்ற கிராமத்தின் வழக்கை நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும். 1980களின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த கெக்சி பழங்குடி விவசாயிகள் தங்கள் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்டார்கள். கேட்ட ஆண்களை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. பிறகு அவர்களின் மனைவியரை இராணுவ முகாமுக்கு முறைவைத்து வரச்செய்து சமைக்கவும் துணி துவைக்கவும் கட்டாயப்படுத்தினார்கள். அங்கேயே வல்லுறவும் செய்தார்கள். 2016 பிப்ரவரி 26 அன்று குவாத்தமாலா நீதிமன்றம் முன்னாள் இராணுவத்தினர் இருவருக்கு 120 ஆண்டுகளும் 240 ஆண்டுகளும் சிறைத் தண்டனை விதித்தது. பாலியல் அடிமைத்தனத்தோடு, வீட்டு வேலையில் அடிமைப்படுத்தியதும் குற்றமாகத் தீர்ப்பில் நின்றது. இழப்பீட்டு உத்தரவில் சுகாதார நிலையம், கல்வி ஆகியவற்றோடு நிலப் பிரச்சினையும் இடம்பெற்றது.

வல்லுறவு, கணவனின் இழப்பு, கூலியில்லா உழைப்பு, பறிபோன நிலம் ஆகிய நான்கையும் அந்தப் பெண்கள் ஒரே கதையாகத்தான் சொன்னார்கள். நான்கையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும் என்று கேட்க அவர்களுக்கும் அவர்களோடு நின்ற அமைப்புகளுக்கும் பல ஆண்டு ஆயத்தம் தேவைப்பட்டது. 2010இல், சட்ட அதிகாரம் இல்லாவிட்டாலும் பெண்களின் சாட்சியத்தைப் பொதுவில் கேட்கும் ஒரு மக்கள் மனசாட்சி நீதிமன்றம் நடத்தினார்கள். 2012இல் வயதான சாட்சிகளின் வாக்குமூலங்களை நீதிபதி முன்னிலையில் முன்கூட்டியே காணொளியில் பதிவு செய்தார்கள். வழக்கு இழுபட்டாலும், சாட்சி இறந்துவிட்டாலும் சாட்சியம் நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. வழக்கு பல ஆண்டு நீளும் என்று தெரிந்தால், முதல் வேலையாக உங்கள் நாட்டின் சாட்சியச் சட்டம் இதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள்.

சர்வதேச நீதிமன்றங்கள் பாலியல் வன்முறையை எப்போது பெருங்குற்றமாக ஏற்றன?

திருப்புமுனை, 1994 இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த ருவாண்டா தீர்ப்பாயத்தின் அக்கயேசு வழக்கு. தாபா என்ற இடத்தின் நகரத் தலைவராக இருந்த அக்கயேசுமீது முதலில் போட்ட குற்றப்பத்திரிகையில் வல்லுறவு என்ற சொல்லே இல்லை. 1997இல் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது, வேறு விடயங்களுக்காகச் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண் தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததைச் சொன்னார். நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். பெண்கள் அமைப்புகளும் அழுத்தம் கொடுத்தன. அந்த ஆண்டு ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டெம்பர் 2 தீர்ப்பு, வல்லுறவு இனப்படுகொலையின் ஒரு வழியாகவும் இருக்கலாம் என்று முதன்முதலாகச் சொன்னது. அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் ஒரே பெண், டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. 2001 பிப்ரவரியில் ஐ.நா.வின் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம், பொஸ்னியாவின் ஃபோச்சா நகரில் நடந்தவை பற்றிய வழக்கில் பாலியல் அடிமைப்படுத்தலை மானுடத்துக்கு எதிரான குற்றமாகக் கண்டு மூவரைத் தண்டித்தது.

முன்னேற்றம் நேர்கோட்டில் போகவில்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் வழக்கான, கொங்கோ ஆயுதக்குழுத் தலைவர் லுபாங்காவின் வழக்கில் சிறுவரைப் படையில் சேர்த்தது மட்டும் குற்றமாகச் சாட்டப்பட்டது. சேர்க்கப்பட்ட சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானதைச் சாட்சிகள் சொல்லியும், குற்றப்பத்திரிகையில் இல்லாததால் 2012 தீர்ப்பில் அது குற்றமாக ஏறவில்லை. வழக்கு எப்படி முடியும் என்பது பெரும்பாலும் புலனாய்வின் முதல் மாதங்களில், யாரை எதைப் பற்றிக் கேட்டார்கள் என்பதில் முடிவாகிவிடுகிறது.

பாதிக்கப்பட்ட பெண்ணிடம் வாக்குமூலம் எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் பிழைப்பதும் இதுதான்.

முதல் கேள்வியை உங்களையே கேளுங்கள்: இந்த வாக்குமூலம் எதற்கு? ஒரே பெண்ணிடம் ஊடகவியலாளர், தொண்டு நிறுவனம், ஆணைக்குழு, பொலிஸ் என்று ஐந்து பேர் ஐந்து தடவை முழுக்கதையையும் எழுதினால், ஒவ்வொன்றிலும் தேதியும் ஆட்களின் எண்ணிக்கையும் சற்று மாறியிருக்கும். நினைவு இயல்பாகவே அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஐந்தையும் வாங்கி அடுக்கிவைத்து, ‘எது பொய்?’ என்று குறுக்கு விசாரணை செய்வார். நீங்கள் நீதிமன்றப் புலனாய்வாளராக இல்லையென்றால் சுருக்கமான முதல் பதிவு போதும்: யார், எங்கே, ஏறத்தாழ எப்போது, என்ன உதவி தேவை, எங்கே அனுப்பினீர்கள். விவரமான வாக்குமூலத்தைப் பயிற்சி பெற்றவர் ஒரே தடவையில் எடுக்கட்டும். பாலியல் வன்முறையிலிருந்து தப்பியவர்களிடம் தகவல் திரட்டுவோருக்காக 2022 ஏப்ரலில் வெளியான முராட் நெறிக்கோவையும் இதே எச்சரிக்கையைத்தான் வலியுறுத்துகிறது.

ஒப்புதலை ஒரே கையெழுத்தில் முடிக்கக் கூடாது. எழுதிக்கொள்ள ஒப்புதல், வேறு அமைப்போடு பகிர ஒப்புதல், நீதிமன்றத்தில் பயன்படுத்த ஒப்புதல் மூன்றும் தனித்தனி. ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று அவர் சொல்லலாம், பிறகு மனம் மாறலாம் என்பதை வாயால் விளக்குங்கள். இரகசியத்தை எதுவரை காக்க முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்: சில நாடுகளில் நீதிமன்றம் உங்கள் கோப்பைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் அதே ஊர்க்காரராக இருக்கக் கூடாது. பெண்ணாக இருப்பது நல்லது. ஆனாலும் அந்தப் பெண்ணையே கேட்டு முடிவு செய்யுங்கள். ‘ஏன் ஓடவில்லை?’, ‘ஏன் அப்போதே சொல்லவில்லை?’ என்று ‘ஏன்’ போட்டுக் கேட்காதீர்கள். அது குற்றம்சாட்டுவதுபோலக் கேட்கும். ‘அதற்குப் பிறகு என்ன நடந்தது?’ போதும். மறைபொருளாக அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதி, அதன் பொருளை அவர் வாயாலேயே சொல்லச்செய்து பக்கத்தில் குறியுங்கள். நீங்களாகச் சட்டச் சொல்லுக்கு மாற்றி எழுதினால் நீதிமன்றத்தில், ‘இது நான் சொன்ன சொல் இல்லை’ என்று அவரே சொல்ல நேரும்.

வாக்குமூலத் தாளில் பெயர் வேண்டாம். குறியீட்டு எண் போடுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வேறோர் இடத்தில், வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதை முழுக்கத் தவிருங்கள். அவருடைய பிரதியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முன் அது அங்கே யார் கையில் சிக்கும் என்று கேளுங்கள். பேருந்துக் கட்டணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், பொழுது சாயும் முன் வீடு திரும்ப நேரம் ஆகியவற்றை முன்பே ஏற்பாடு செய்யாவிட்டால், வரக்கூடியவர்கள் மட்டுமே வருவார்கள். வர முடியாதவர்களின் தீங்கு பதிவேட்டில் இல்லாமல் போகும்.

சம்பவம் அண்மையில் நடந்திருந்தால் காகிதத்தைத் தள்ளிவைத்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரம்வரை இடமுண்டு, முந்தினால் பலன் கூடும்.

மருத்துவச் சான்றோ நேரில் கண்ட சாட்சியோ இல்லை. வழக்கு நிற்குமா?

சர்வதேச குற்றவியல் நீதிமன்ற விதிகளின்படி நிற்கலாம். விதி 63, பாலியல் குற்றத்தை நிறுவ வேறொரு ஆதாரம் உறுதிப்படுத்தியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கேட்கக் கூடாது என்கிறது. விதி 70, பெண் மௌனமாக இருந்ததையோ எதிர்க்காததையோ வைத்துச் சம்மதம் என்று முடிவுகட்டுவதைத் தடுக்கிறது. விதி 71, அவருடைய முந்தைய பாலியல் வாழ்வைச் சாட்சியமாக ஏற்க மறுக்கிறது.

உள்நாட்டுச் சட்டம் பெரும்பாலும் இதைவிடக் கடுமையாக இருக்கும். மிகவும் சேதம் செய்வது காலவரம்பு. 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்த நேபாளத்தில் வல்லுறவு முறைப்பாட்டைச் சம்பவத்திலிருந்து 35 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று பழைய சட்டம் சொன்னது. போர் நடக்கும்போது, குற்றம் செய்தவர்களே ஊரைக் கட்டுப்படுத்தும்போது, 35 நாளில் எந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போவது? பிறகு வரம்பு நீட்டப்பட்டாலும் போர்க்கால வழக்குகளுக்குக் கதவு அடைபட்டே போயிருந்தது. உங்கள் நாட்டில் சட்டத்திருத்தப் பரிந்துரை எழுதுவதானால் காலவரம்பை நீக்கும் பிரிவை முதலில் எழுதுங்கள்.

உண்மை ஆணைக்குழுவின் ஆணை எழுதப்படும்போதே என்ன பார்க்க வேண்டும்?

மூன்று வரிகளைப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை? எந்தெந்த மீறல்கள்? யார் ‘பாதிக்கப்பட்டவர்’? பெருவின் ஆணைக்குழு 2001 முதல் 2003 வரை இயங்கியது. பால்நிலைக்கென்று தனிப் பிரிவு வைத்திருந்தது. பாலியல் வன்முறையை விரிவாக எழுதியது. ஆனால் 1990களில் பழங்குடிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கட்டாயக் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு ஆளானது அதன் ஆணைக்குள் சேரவில்லை. அதற்குப் பின் 2005இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் பாலியல் வன்முறையில் வல்லுறவை மட்டும் பட்டியலிட்டது. மற்ற வடிவங்களைச் சேர்க்க 2012வரை போராட வேண்டியிருந்தது. தொடக்கத்தில் விடுபட்டதைப் பிறகு சேர்க்க ஏழெட்டு ஆண்டு போகும். அதற்குள் பாதிப் பேர் மூப்படைந்துவிடுவார்கள்.

கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். மரணச் சான்றிதழ் எடுத்தால் தேடல் முடிந்துவிடும் என்று அஞ்சுகிறோம். வேறு வழி உண்டா?

உண்டு. இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழ். ஆர்ஜென்டினா 1994இல் ‘கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்பட்டதால் இல்லாதவர்’ என்ற தனிச் சட்டநிலையை உருவாக்கியது. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இப்படியொரு சான்றிதழுக்கு வழிசெய்தது. இதை வைத்து வங்கிக் கணக்கு, காணி, பிள்ளைகளின் அலுவல்கள் ஆகியவற்றைக் கவனிக்க முடியும் என்பது நோக்கம். விண்ணப்பிக்கும் முன் அலுவலகத்தில் இரண்டைத் தெளிவாகக் கேளுங்கள்: இதனால் புலனாய்வு நின்றுவிடாது என்று எழுத்தில் உள்ளதா? இதைக் காட்டினால் எந்தெந்தத் திணைக்களங்கள் ஏற்கின்றன? சட்டம் ஏற்றாலும் கருமபீடத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் மரணச் சான்றிதழே கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புவது வழக்கமான சிக்கல். சட்டத்தின் நகலைக் கையில் கொண்டுபோவது உதவும்.

காணியில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. இலங்கையின் வடக்கில், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலேயே உறுதி இருக்கும் காணியை விற்கவும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவர் எங்கே என்றே தெரியாதபோது யாரிடம் சம்மதம் வாங்குவது? 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு அந்தச் சம்மதத்துக்குப் பதிலான உத்தரவைப் பெறலாம். ஆனால் அதற்கு வழக்கறிஞர் கூலி, பயணம், நாட்கள் எல்லாம் வேண்டும். போர் உருவாக்காத, போருக்கு முன்பே இருந்த ஒரு சட்டம் போரின் இழப்பை இரட்டிப்பாக்குகிறது. ‘போர்க்கால மீறல்’ என்ற பட்டியலில் இது ஒருபோதும் வராது. ஆனாலும் பெண்ணுக்கு நீதி என்று பேசினால் இதைத் தொடாமல் முடியாது. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல் வீதியோரம் போராட்டமாக அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் முதலில் கேட்டது பிள்ளைகள் எங்கே என்பதை. அந்தக் கேள்விக்குப் பதிலில்லாமல் மற்ற எந்த உதவியும் ஈடாகாது என்று அவர்கள் சொல்வதை நாங்களும் ஏற்கிறோம்.

இழப்பீட்டுத் திட்டத்தை எப்படி அமைத்தால் பெண்களுக்குப் போய்ச்சேரும்?

ஐ.நா. 2005இல் ஏற்ற கோட்பாடுகள் ஐந்து வடிவங்களைச் சொல்கின்றன: பழைய நிலைக்கு மீட்டல், பண ஈடு, மறுவாழ்வு, மனநிறைவு தரும் நடவடிக்கைகள், மீண்டும் நிகழாமைக்கான உறுதி. பெண்களின் இழப்பீட்டு உரிமை பற்றிப் பெண்கள் அமைப்புகள் வெளியிட்ட 2007 நைரோபி பிரகடனம் முதல் வடிவத்தையே கேள்விக்கு உள்ளாக்கியது: போருக்கு முன் பெண்ணுக்குச் சொத்தும் இல்லை, குரலும் இல்லை என்றால், அந்தப் பழைய நிலைக்கு அவரைத் திருப்பி அனுப்புவதா நீதி?

பணத்தில் தொடங்குவோம். குடும்பத் தலைவர் கணக்கில் மொத்தமாகப் போட்டால் மாமனாரோ மைத்துனரோ எடுத்துக்கொள்வது நடக்கிறது. மொரோக்கோவின் ஆணைக்குழு இறந்தவரின் இழப்பீட்டைப் பிரிக்கும்போது வாரிசுரிமை விகிதத்தைப் பின்பற்றாமல் விதவைக்கு 40 சதவீதம் ஒதுக்கியது. வழமைப்படி எட்டில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கும். கிழக்குத் திமோரின் ஆணைக்குழு 2005 அறிக்கையில், வளங்களில் குறைந்தது பாதி பெண்களுக்குப் போக வேண்டும் என்றது. தனித்து வாழும் தாய்மாருக்குப் பிள்ளையின் கல்வி உதவித்தொகையைக் கொடுத்து, அதை வாங்க வரும் நாளிலேயே மருத்துவம், ஆலோசனை, தொழில் உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கச் செய்யலாம் என்றும் பரிந்துரைத்தது. உதவித்தொகை வாங்கப் போகும் பெண்ணை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை. நல்ல வடிவமைப்பு, அரசியல் விருப்பமில்லாததால் சட்டமாகாமல் தேங்கிவிட்டது.

கொசோவோவில் 2014 சட்டத்திருத்தம் பாலியல் வன்முறையிலிருந்து தப்பியவர்களைப் போர்ப் பாதிப்பாளராக ஏற்றது. 2018இல் விண்ணப்பம் தொடங்கியது. ஏற்கப்பட்டவருக்கு மாதம் 230 யூரோ என்று தொடக்கத்தில் வைத்தார்கள். அனுமதி பெற்ற பெண்கள் அமைப்புகள் வழியாக விண்ணப்பிக்கலாம் என்பது அதன் பலம். சட்டம் 1998 பிப்ரவரிக்கும் 1999 ஜூனுக்கும் இடைப்பட்ட காலத்தை மட்டும் ஏற்றது பலவீனம். அதற்குப் பின் தாக்கப்பட்ட சிறுபான்மைப் பெண்கள் வெளியே நின்றார்கள். ஈராக்கில், ஐ.எஸ். அமைப்பின் கொடுமைகளுக்கு ஆளான யசீதி சிறுபான்மையினர் முதலானோருக்காக 2021 மார்ச்சில் வந்த யசீதித் தப்பிப்பிழைத்தோர் சட்டம் மாத உதவி, காணி, கல்வி என்று தாராளமாக எழுதப்பட்டது. நடைமுறைக்கு வந்தபின் குற்றவியல் முறைப்பாட்டு ஆவணத்தையும் கொண்டுவா என்று கேட்கத் தொடங்கினார்கள். வழக்குப் போட அஞ்சிய பெண்ணுக்கு உதவியும் தள்ளிப்போயிற்று. இழப்பீட்டுக்குக் குற்றவியல் வழக்கை நிபந்தனையாக்கக் கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

வன்முறையில் பிறந்த பிள்ளைகளின் நிலை?

நீண்ட காலம் யாரும் எழுதாமல் விட்ட பக்கம் இது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2021 மார்ச்சில் கொங்கோ ஆயுதக்குழுத் தளபதி என்டகண்டாவின் வழக்கின் இழப்பீட்டு உத்தரவில், வல்லுறவாலும் பாலியல் அடிமைத்தனத்தாலும் பிறந்த பிள்ளைகளை நேரடிப் பாதிப்பாளராக ஏற்கலாம் என்றது. ஈராக்கியச் சட்டம் இப்பிள்ளைகளைப் பற்றி மௌனம். நடைமுறையில் உடனடியாகத் தேவைப்படுவது பிறப்புப் பதிவு: தந்தை பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தாலும் பதிவு ஏற்கப்பட வேண்டும், சான்றிதழைப் பார்ப்பவருக்குப் பிள்ளையின் வரலாறு தெரியக் கூடாது.

முன்னாள் போராளிப் பெண்கள் ஏன் திட்டங்களிலிருந்து விடுபடுகிறார்கள்?

சியரா லியோனில் போர் முடிந்து போராளிகளிடம் ஆயுதம் களைந்து உதவி கொடுத்தபோது, அந்தத் திட்டத்துக்கு நுழைவுச்சீட்டு ஒரு துப்பாக்கி. கையளிக்க ஆயுதம் இல்லையென்றால் நீங்கள் போராளி இல்லை. பெண்கள் பலரின் துப்பாக்கியைத் தளபதிகள் முன்பே வாங்கிவிட்டார்கள். சமையல், சுமை, மருத்துவம், உளவு என்று படையைத் தாங்கியவர்களிடம் துப்பாக்கி இருந்ததே இல்லை. கட்டாயமாக ‘மனைவி’ ஆக்கப்பட்ட சிறுமிகள் அப்படி ஆக்கியவனோடேயே திரும்பிப் போக நேர்ந்தது. இந்தக் கட்டாயத் திருமணத்தைத் தனிக் குற்றமாக அந்நாட்டின் சிறப்பு நீதிமன்ற மேன்முறையீட்டு அமர்வு 2008இல்தான் ஏற்றது.

சரியான நடைமுறையில் ஆயுதம் ஏந்திய பெண், படைக்கு வேலை செய்த பெண், போராளியைச் சார்ந்திருந்த பெண் ஆகிய மூவரையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். தளபதி இல்லாத இடத்தில் பெண் அலுவலர் பேட்டி காண வேண்டும். முகாமில் தனிக் கழிவறையும் உறங்குமிடமும் வேண்டும். இதன் பிறகு தரும் பயிற்சி தையலும் அழகுக்கலையுமாகவே முடிந்தால், தொலைத்தொடர்பும் வாகனமும் இயக்கிய ஒருவரின் திறமை வீணாகிறது.

பொதுமன்னிப்பு கொடுத்தால் சமாதானம் வரும் என்கிறார்களே?

சண்டையில் கலந்துகொண்டதற்காக மட்டும் மன்னிப்பது ஒன்று. வல்லுறவையும் மன்னிப்பது வேறு. சியரா லியோனின் 1999 லோமே சமாதான உடன்படிக்கை முழுப் பொதுமன்னிப்பு கொடுத்தது, ஐ.நா. பிரதிநிதி பெருங்குற்றங்களுக்கு இது பொருந்தாது என்று கையால் எழுதி ஒப்பமிட்டார். கொலம்பிய அரசும் ஃபார்க் கிளர்ச்சியாளர்களும் செய்த 2016 சமாதான உடன்படிக்கையில் பாலியல் வன்முறை மன்னிப்புப் பட்டியலில் இல்லை. பேச்சுவார்த்தை நடந்த ஹவானாவில் 2014இல் அமைந்த பால்நிலை உபகுழுவும், வெளியே நின்ற பெண்கள் அமைப்புகளும் அதற்காக உழைத்தார்கள். ஆனாலும் இக்குற்றங்களுக்கான தனி விசாரணையை அந்த உடன்படிக்கையின்படி அமைந்த சிறப்பு நீதிமன்றம் தொடங்கியது 2023 செப்டெம்பரில். உடன்படிக்கையில் ஒரு வரியைச் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை.

ஊர் நீதிமன்றங்கள் பெண்களுக்கு உதவுமா?

விரைவும் அருகாமையும் உண்மையான நன்மைகள். இனப்படுகொலை வழக்குகளை ஊர் மக்களே விசாரித்த ருவாண்டாவின் கச்சாச்சா மன்றங்கள் 2012இல் மூடும்வரை ஏறத்தாழ 19 இலட்சம் வழக்குகளைத் தீர்த்தன. வேறெந்த நீதிமன்றமும் அதைச் செய்திருக்காது. ஆனால் 2008இல் வல்லுறவு வழக்குகளையும் அங்கே மாற்றியபோது, வழக்கமான நீதிமன்றத்தின் மறைப்பை எதிர்பார்த்து முறைப்பாடு செய்த பெண்கள் ஊர் மன்றத்தின் முன் நின்றார்கள். விசாரணை மூடிய அறையில்தான். ஆனாலும் யார் அந்த அறைக்குள் போகிறார் என்பது ஊருக்குத் தெரியும். பாலியல் குற்றங்களை இத்தகைய மன்றங்களுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பியே ஆக வேண்டுமானால் அந்தப் பெண் தானே தேர்ந்தெடுக்க வேண்டும், வேறு ஊர் மன்றத்தில் நடத்த வேண்டும்.

ஆண்களுக்கு எதிரான பாலியல் வன்முறை?

இதுவும் பெண்ணிய ஆய்வின் பொருள்தான். தடுப்புக்காவலில் ஆண்களுக்கு நடப்பதைச் ‘சித்திரவதை’ என்று மட்டும் பதிவதால் அதன் பாலியல் தன்மை மறைந்து, தேவையான சிகிச்சையும் கிடைக்காமல் போகிறது. இரண்டு தலைப்பிலும் பதியுங்கள்.

பெண்களே குற்றம் செய்திருந்தால்?

தண்டிக்கப்பட வேண்டும். ருவாண்டாவின் குடும்ப, மகளிர் நல அமைச்சராக இருந்த போலின் நீராமசுகுக்கோ 2011இல் இனப்படுகொலைக்காகவும் வல்லுறவுக் குற்றத்துக்காகவும் தண்டிக்கப்பட்டார். பெண்கள் இயல்பாகவே சமாதானப் பிரியர்கள் என்ற நம்பிக்கையில் நீதி கட்டப்படக் கூடாது.

ஆணைக்குழுவில் 30 சதவீதம் பெண்கள் இருந்தால் போதாதா?

வேண்டும், போதாது. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானம் 2000 அக்டோபர் 31இல் பெண்களின் பங்கேற்பைக் கோரியது. அக்கயேசு வழக்கு காட்டுவதுபோல ஒரு பெண் நீதிபதி இருப்பதே கேள்விகளை மாற்றலாம். ஆனால் நிதி யார் கையில், புலனாய்வாளர்கள் யார், மொழிபெயர்ப்பாளர் எத்தனை பேர் என்பதைக் கேட்காமல் மேடையில் உள்ள தலைகளை மட்டும் எண்ணக் கூடாது. நகரத்துப் படித்த பெண்கள் மட்டுமே அமர்ந்த குழுவில் கூலிப் பெண்ணின், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணின், மாற்றுத்திறனாளிப் பெண்ணின் தீங்கு மறுபடியும் விடுபடும்.

பெண்ணியவாதிகளுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டா?

நிறைய. தண்டனையே முதல் வேண்டுகோள் என்போர் ஒருபுறம். இரண்டு மூன்று பேரைச் சிறையிலடைக்கப் பல ஆண்டும் பெரும் பணமும் செலவாகும்போது ஆயிரம் பெண்கள் மருந்தில்லாமல் இருக்கிறார்கள் என்போர் மறுபுறம். கொடையாளர் பணம் பாலியல் வன்முறைக்கு மட்டும் வருவதால், உதவி பெற அந்த முத்திரையை ஏற்க வேண்டிய நிலை உண்டாகிறது என்ற விமர்சனமும் இருக்கிறது. எங்கள் பார்வையில் வழக்கும் வேண்டும், ஆனால் சிகிச்சையும் மாத உதவியும் வழக்குக்காகக் காத்திருக்கக் கூடாது. செப்பூர் சார்க்கோ பெண்களால் ஏறத்தாழ 34 ஆண்டுகள் கழித்தும் சாட்சி சொல்ல முடிந்ததற்கு, நீதிமன்றத்துக்கு வெளியே அவர்களைத் தாங்கிய கூட்டு ஒரு பெரிய காரணம்.

சிறிய அமைப்பு நாங்கள். எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் நாட்டுச் சட்டத்தின் ஆணைக் காலம், விண்ணப்பக் கடைசித் தேதி, தேவையான ஆவணங்கள் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பெண்கள் கூடும் இடங்களில் ஒட்டுங்கள். அடுத்து, படிவத்தை நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் ஒரு விதவை, ஒரு முன்னாள் போராளி, இடம்பெயர்ந்து அடையாள அட்டை இழந்த ஒருவர் தடைபடுவார் என்று குறித்து, ஆணைக்குழுவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு உங்கள் நாட்டை மீளாய்வு செய்யும் ஆண்டு எது என்று பார்த்து, இதே குறிப்புகளை, அரசின் அறிக்கைக்கு இணையாக அமைப்புகள் தரும் நிழல் அறிக்கையாகக் கொடுக்கலாம். போர்ச் சூழல் பற்றிய அக்குழுவின் 30ஆம் பொதுப் பரிந்துரை 2013இல் வந்தது, அதன் பந்தி எண்களைச் சுட்டி எழுதினால் கவனம் கிடைக்கும். யாருக்காக விண்ணப்பம் கொடுத்தாலும் முத்திரையிட்ட பற்றுச்சீட்டும் பதிவு எண்ணும் வாங்காமல் கருமபீடத்தை விட்டு நகராதீர்கள். ஆட்சி மாறி அலுவலகம் இடம் மாறும்போது ‘உங்கள் கோப்பே இல்லை’ என்ற பதிலுக்கு எதிராகக் கையில் மிஞ்சுவது அது மட்டும்தான்.